பதினெட்டு மூடிகள்

அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு பெயர்கள். நேரில் ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘மெமோ அம்மா’. இரண்டாவது பெயர் அவர் காதுக்கு எட்டாது என்று தொழிலாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டத்தான் செய்தது. எட்டியும் அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். இருநூற்றுப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைக் கண்டதும் நாலு பேர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்றால் அது சும்மா வருமா?

சுவரில் விளக்குப் போடுகிறோமே, அந்த சுவிட்ச் தயாரிக்கும் இடம் அது. இருபத்திரண்டு வயதில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தவர், முப்பத்திரண்டு வருடத்தில் மனிதவளப் பிரிவின் தலைவராகியிருந்தார். தலைவர் என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை; அவருக்குக் கீழே ஒரே ஒரு குமாஸ்தா. லீவு, சம்பளப் பட்டியல், புதிய ஆள் எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர் மனசார ரசித்துச் செய்த வேலை மெமோ எழுதுவதுதான். ஒற்றுப்பிழை இருக்காது. காற்புள்ளி இடம் மாறாது. வாங்கியவன் அழுதாலும் அழுவான், குறை சொல்ல மாட்டான்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. அவர் உற்பத்திக் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் வாசலோரம் உட்கார்ந்திருக்கும் பெண் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மேசையை மூன்று தட்டுத் தட்டுவாள். டக், டக், டக். யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த மரியாதை என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். வீட்டிலும் சொல்லிப் பார்த்தார்.

“நான் உள்ள போனாலே மேசையத் தட்டறாங்க, தெரியுமா?”

அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். “எனக்குந்தான் பசங்க தட்டுவாங்க. வண்டிய நிறுத்தச் சொல்லி.”

இப்படிப்பட்ட ஆளிடம் பெருமை பேசி என்ன பயன் என்று அதோடு விட்டுவிட்டார்.

பெரிய முதலாளி ஓய்வுக்குப் போய், அவருடைய மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாதம் சனி பிடித்தது. சின்ன முதலாளி அதிகம் பேசாதவர். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

“மேடம், கேன்டீன் வழியில யோசனைப் பெட்டின்னு ஒண்ணு தொங்குதே, அது எதுக்கு?”

“தொழிலாளர்கள் யோசனை எழுதிப் போட, மேடம்.”

“கடைசியா எப்ப திறந்தீங்க?”

மெமோ அம்மா குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா சாவிக் கொத்தைப் பார்த்தார். கொத்தில் அந்தச் சாவியே இல்லை.

சின்ன முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. “நம்ம சுவிட்ச் பத்து வருஷமா ஒரே மாதிரி இருக்கு. செய்யற விதமும் அப்படியே இருக்கு. இருநூறு பேருக்கு மேல இருக்காங்க, ஒருத்தருக்குமா ஒண்ணும் தோணல? மூணு மாசம் டைம் எடுத்துக்கோங்க. கீழேயிருந்து உருப்படியா பத்து யோசனை வரணும். வரலைன்னா உங்க பிரிவை வெளி ஏஜென்சிகிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன். லீவும் சம்பளமும் பார்க்க அவங்க போதும்.”

மெமோ அம்மா ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது.

மறுநாளே காரியத்தில் இறங்கினார். பெட்டிக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார். பழைய பூட்டை உடைத்தபோது உள்ளே தூசிதான் இருந்தது; புதுப் பூட்டு வாங்கினார். சிறந்த யோசனைக்கு மேசை விசிறி பரிசு என்று அறிவித்தார். தினம் சாயங்காலம் பெட்டியைத் திறந்து பார்த்தார். முதல் வாரம் மிட்டாய்த் தாள் இரண்டு, முகவரி மாறி வந்த லீவு லெட்டர் ஒன்று. இரண்டாம் வாரம் ஒரு கடிதம். ஆவலாகப் பிரித்தார். ‘பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுந்து நாலு மாதம் ஆகிறது’ என்று இருந்தது. அதன்பிறகு ஈதான் ஓட்டியது பெட்டி.

‘எவ்வளவு செஞ்சாலும் இவங்களுக்கு அக்கறை இல்ல’ என்று குமாஸ்தாவிடம் அலுத்துக்கொண்டார். ‘சிந்திப்போம், சொல்வோம்’ என்று பெரிய சுவரொட்டி அடித்து, ஸ்டூலில் ஏறித் தானே ஒட்டினார். சிந்திக்காமல் ஏறியதால் ஸ்டூல் சாய்ந்தது. கணுக்கால் பிசகிவிட்டது.

டாக்டர் ஆறு வாரத்துக்குக் குதிகால் செருப்பு கூடாது என்றார். படியும் ஏறி இறங்கக் கூடாதாம். அதனால் மெமோ அம்மா ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தபோது, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, உற்பத்திக் கூடத்துக்கு முன்வாசல் படி வழியாகப் போகாமல் சரக்கு அறைச் சரிவு வழியாகப் போனார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வழியாக அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்பிரிங் பிரிவு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் நகக்கண் அளவுக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. அவை மூட்டையில் வரும்போது ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகக் கிடக்கும். பிரித்து எடுப்பதற்குள் விரல் நுனி பிய்ந்துவிடும். பதினெட்டுப் பெண்களுக்கு அதைப் பிரித்து சுவிட்சில் பொருத்துவதே வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் சுவிட்ச் டார்கெட்.

மெமோ அம்மா பார்த்தபோது ஒருத்தியும் விரலால் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. எல்லார் கையிலும் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தின் மேல், அளவெடுத்தாற்போல், ஒரு டிபன் பாக்ஸ் மூடி. மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கினார்கள். உள்ளே இருந்த சிக்கல் குலுங்கிக் குலுங்கிப் பிரிந்து, ஓட்டை வழியாக ஸ்பிரிங் ஒவ்வொன்றாகத் தட்டில் உதிர்ந்தது. பதினெட்டுப் பேரும் குலுக்கிய குலுக்கலில் மேசை கடகடவென்று ஆடியது. பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அந்தப் பிரிவில் சிரிப்புச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே அறுந்தது. பதினெட்டு மூடிகளும் மேலங்கிப் பைக்குள் போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண் மூடித் திறப்பதற்குள். முன்வாசல் பெண் அப்போதுதான் அவரைக் கவனித்துப் பதறிப்போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தட்டினாள்.

டக், டக், டக்.

எல்லாம் முடிந்தபிறகு வந்த அந்தத் தட்டல் மெமோ அம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக அவர் மரியாதை என்று வாங்கிக்கொண்டது, ‘வருது, ஒளிச்சு வை’ என்ற எச்சரிக்கை. கேன்டீனில் ஸ்பிரிங் பிரிவுப் பெண்கள் மட்டும் டிபன் பாக்ஸை பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். இதுகள் ஒரு நல்ல டப்பா வாங்கக்கூடாதா என்று எத்தனை தடவை மனசுக்குள் கேலி செய்திருப்பார்! மூடியெல்லாம் எங்கே போயின என்பது இப்போதுதான் விளங்கியது.

வரிசையின் கோடியிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரும் ஸ்பிரிங் அக்கா என்று கூப்பிடுவார்கள்.

“மெமோவை எனக்கே குடுங்க மேடம். இதுங்க நான் சொல்லித்தான் செய்யுதுங்க.”

“மெமோ குடுக்க வரலம்மா. இது நல்லாத்தானே இருக்கு? இதை ஏன் யோசனைப் பெட்டியில போடல நீ?”

“நான்தான் எழுதிக் குடுத்திருக்கேனே மேடம்.”

“எப்ப? பெட்டியில ஒண்ணும் வரலையே?”

ஸ்பிரிங் அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பெட்டியில இல்ல. உங்க ஃபைல்ல இருக்கும். பாருங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்து விரலால் பிரிக்கத் தொடங்கினார்.

ஃபைல் கிடைக்க அரைமணி நேரம் ஆனது. பதினோரு வருடத்துக்கு முந்தைய மெமோ. அவருடைய கையெழுத்தேதான். ‘உணவுப் பாத்திரத்தை உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காக’ என்று தொடங்கியது. அந்தக் காலத்தில் யாரோ டிபன் பாக்ஸில் பித்தளைப் பாகங்களை வைத்துக் கடத்தினான் என்று, கூடத்துக்குள் டிபன் பாக்ஸே கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். ஸ்பிரிங் அக்கா மூடியும் கையுமாகப் பிடிபட்டார். அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மெமோ அம்மாவும் கேட்கவில்லை. விதி இருந்தது, பாத்திரம் இருந்தது, போதாதா?

மெமோவுக்குக் கீழே மன்னிப்புக் கடிதம். குண்டு குண்டான எழுத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: ‘இனிமேல் வேலை நேரத்தில் என் சொந்த யோசனை எதையும் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’

மெமோ அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் படித்தார். வரி மாறவில்லை. ஏனென்றால் அது ஸ்பிரிங் அக்காவின் வரி இல்லை. இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. அன்று அந்தப் பெண் பாதியில் பேனாவை நிறுத்தி, “மேடம், டிபன் பாக்ஸ் கொண்டுவர மாட்டேன்னு எழுதினா போதாதா? சொந்த யோசனைன்னெல்லாம் எழுதணுமா?” என்று கேட்டது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. “எழுதும்மா, அப்பத்தான் லெட்டர் முழுசா இருக்கும்” என்று சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. லெட்டர் முழுசாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று அதன் நகலைக் கேன்டீன் வழி அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் குத்தி வைத்தார். அதே வருடம் மேலிடத்து உத்தரவுப்படி யோசனைப் பெட்டி வந்தபோது, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று, அந்தப் பலகைக்கு நேர் கீழே மாட்டியதும் அவரேதான்.

இதைவிடத் தெளிவாக யாரால் வாயை மூடச் சொல்ல முடியும்? பதினோரு வருடமாகப் பெட்டி காலியாகக் கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. அவருக்கு அழுகை வந்தது. குமாஸ்தா இருந்ததால் கால் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் மதியம் கேன்டீனில், தன் தனி மேசைக்குப் போகாமல், ஸ்பிரிங் அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் வேலை இருப்பதுபோல் எழுந்து போனார்கள்.

“அந்த லெட்டரைப் பார்த்தேன். அது என் தப்பு” என்றார்.

ஸ்பிரிங் அக்கா பிடி கொடுக்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் சுற்றினார். “அப்ப எங்க வீட்டுக்காரர் பேக்கிங்ல சேர்ந்த புதுசு மேடம். போர்டுல அதை நின்னு படிச்சார். வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கல. கேட்டுத் தொலைச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“இப்ப சொல்லலாமே? இப்ப யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“சொன்னா கை தட்டுவீங்க, விசிறி குடுப்பீங்க. அடுத்த மாசமே தொள்ளாயிரத்த ஆயிரத்து இருநூறா ஆக்குவீங்க. விசிறி எனக்கு, வலி பதினெட்டுப் பேருக்கு. நாங்க மூடியில ஓட்டை போட்டது விரல் பிய்யாம இருக்கத்தான் மேடம். இந்தப் பிரிவுல மட்டுமா? அச்சு பிரிவுல போய்ப் பாருங்க, பாலிஷ்ல பாருங்க. எல்லார் பையிலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க வந்தா இருக்காது” என்றார்.

அன்று வீட்டில் மெமோ அம்மா வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றையும் கொட்டினார். மேசைத் தட்டல் கதையையும் மறைக்கவில்லை. கணவர் சிரிப்பார் என்று பயந்தார். அவர் சிரிக்கவில்லை, செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“உங்க ஆபீஸ்ல தப்பு பண்ணா என்ன பண்ணுவாங்க?”

“எழுதிக் குடுப்பாங்க.”

“அப்ப நீயும் எழுதிக் குடு.”

எழுதுவது சுலபமாக இல்லை. முப்பத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு வாக்கியம் சொல்லிக் கொடுத்தவருக்குத் தனக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதினார். தானாகவா நேர்ந்தது? கிழித்துப் போட்டார். நாலாவது தாளில்தான் ‘நான்’ என்ற சொல் வந்தது.

ஃபேக்டரி மேனேஜர் அதைப் படித்துவிட்டுப் பதறினார். “என்ன மேடம் இது, கல்லுல போய் முட்டிக்கறீங்க? வாயால சொல்லிட்டுப் போங்க. எழுத்துல கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்குப் பழைய மெமோவத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க.”

“வரட்டும் சார். நான் எழுதினது எல்லாம் சரியான்னு நானும் ஒரு தடவை பார்க்கணும்.”

மெமோ அம்மா சின்ன முதலாளியிடம் போனபோது கையில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாள், தொழிலாளி சொன்ன யோசனையால் வேலை சீக்கிரம் முடிந்தால் அதைக் காரணம் காட்டி இரண்டு வருடத்துக்கு டார்கெட்டை ஏற்றக்கூடாது என்ற விதி. சின்ன முதலாளி வெகுநேரம் யோசித்து, இரண்டை அடித்து ஒன்றாக்கினார். “ஒரு வருஷந்தான் என்னால எழுத்துல தர முடியும்.” கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளைப் படித்ததும் நிமிர்ந்தார். “இதைக் கம்பெனி பேர்ல போடலாமே? உங்க பேர் எதுக்கு?”

“அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது நான்தானே, மேடம்.”

அன்று மதியம் இரண்டு தாள்களும் அதே பலகையில் ஏறின. இரண்டாவதில் இப்படி இருந்தது: ‘பதினோரு வருடத்துக்கு முன் ஸ்பிரிங் பிரிவுத் தொழிலாளிக்கு நான் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுகிறேன். மூடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் எழுதிய உறுதிமொழி நான் சொல்லி எழுத வைத்தது. அது இனி யாரையும் கட்டுப்படுத்தாது.’

கூட்டம் கூடிப் படித்தது, கலைந்தது. கடைசியில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்பிரிங் அக்காவின் கணவர். பலகைக்கு முன்னால் நின்று வாய்விட்டு, நிதானமாக, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அலுவலக ஜன்னலிலிருந்து மெமோ அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காகப் பெட்டி நிரம்பி வழிந்துவிட்டதா? இல்லை. பதினோரு வருடம் மூடிய வாய் ஒரு மதியத்தில் திறக்குமா? ஒரு வாரம் போனது, இரண்டு போனது. கால் குணமாகி அவர் மறுபடியும் குதிகால் செருப்புக்கு வந்துவிட்டார். கெடு முடியும் நாளும் வந்துவிட்டது. சின்ன முதலாளி முன்னால் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

மெமோ அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஒன்று கேட்டார். “ஒரு பத்து நிமிஷம் கூடத்துக்கு வர முடியுமா மேடம்?”

முன்வாசல் வழியாகவே போனார்கள். படிகளில் அவர் செருப்பு டொக் டொக்கென்று ஒலித்தது. அந்தச் சத்தம் இவ்வளவு பெரிது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கதவைத் தள்ளினார். அந்த மூன்று தட்டு விழுந்தால் எல்லாம் முடிந்தது. தன் வேலை மட்டும் இல்லை, தான் எழுதியதை ஒருவரும் நம்பவில்லை என்றும் ஆகிவிடும். வாசலோரப் பெண் நிமிர்ந்தாள். அவள் கையிலே ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவரைப் பார்த்தாள்; செருப்பைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு திருகைத் திருகத் தொடங்கினாள்.

தட்டவில்லை.

கூடத்தின் கோடியில் பதினெட்டு மூடிகள் குலுங்கிக்கொண்டிருந்தன. மேசை கடகடவென்று ஆடியது. ஒருத்தியும் நிறுத்தவில்லை. மெமோ அம்மா ஸ்பிரிங் அக்காவின் பக்கத்தில் போய், கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கடிதம், அசல்.

“இது உங்களோடதுங்க. ஃபைல்ல இருக்க வேண்டியதில்ல.”

‘ங்க’ என்று அவர் சொன்னது ஸ்பிரிங் அக்காவின் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் கை நின்றது. தாளை வாங்கினார். படிக்கவில்லை. மனப்பாடம்தானே! நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் அதைச் செருகினார். கிண்ணத்தை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“இதுவும் என் சொந்த யோசனைதான், மேடம்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெமோ அம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, இந்தத் தடவை காலைக் காரணம் சொல்லவில்லை. சின்ன முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓட்டை போட்ட மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டுன்னு எழுதிக்கோங்க மேடம்” என்றார். “அச்சு பிரிவு எந்தப் பக்கம்?”

மெமோ அம்மா பேனாவைத் திறந்தார். மேசைமேல் தாளை வைத்து எழுதினார். மேசை ஆடவில்லை.